நீரா, ஈதரா, அம்மோனியாவா?

அடுப்பின் மேல் கொதிக்கும் பாத்திரத்தின் மூடியை நீராவி தூக்கித் தூக்கிப் போடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மூடியைத் தூக்கும் அவ்வாற்றலை வீணாக்காமல் ஓர் உருளையிலோ சுழலியிலோ செலுத்தி வேலை வாங்குவதுதான் வெப்ப எந்திரம். நெய்வேலியிலும் மேட்டூரிலும் எரிபொருளை எரித்து மின்சாரம் எடுக்கிறோம் என்கிறோம். ஆனால் ஆங்கே சுழலியைச் சுற்றுவது கரி அன்று. கரியின் வெப்பத்தைச் சுமந்து வரும் நீராவியே. வெப்பத்தைப் பெற்று ஆவியாகி, விரிந்து வேலை செய்து, குளிர்ந்து மீண்டும் நீராகிக் கொதிகலனுக்குத் திரும்பும் அப்பொருளை எந்திரத்தின் 'செயல்படு பொருள்' என்று நூல்கள் கூறும். வண்டிக்கு மாடு எப்படியோ அப்படியே எந்திரத்துக்குச் செயல்படு பொருள். எந்த வண்டிக்கு எந்த மாடு பொருந்தும் என்பதுதான் இன்று நாம் ஆராயப் போகும் செய்தி.

பள்ளியில் நான் உள்ளுறை வெப்பம் பற்றிப் பாடம் நடத்திய ஆண்டுகளில், வகுப்புக்கு ஒருவராவது எழுப்பிய வினா ஒன்று உண்டு. "ஐயா, கொதிநிலையில் உள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்க 539 கலோரி வேண்டும் என்கிறீர்கள். ஈதருக்கு 86 கலோரி போதும் என்று அட்டவணை சொல்கிறது. கொதிகலனில் நீருக்குப் பதிலாக ஈதரை ஊற்றினால் ஆறில் ஒரு பங்கு கரியே போதுமே?" கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தியான வாதம்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேர்ந்த பொறியாளர் சிலரையும் மயக்கிய வாதம் இது. இதற்கு விடை தந்தவர் பிரெஞ்சு நாட்டு இளைஞரான சாடி கார்னோ. 1824-ஆம் ஆண்டில், தம் இருபத்தெட்டாம் வயதில், அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலையின் மேல்வரம்பு செயல்படு பொருளைப் பொறுத்தது அன்று. வெப்பம் எந்த வெப்பநிலையில் உள்ளே வருகிறது, எந்த வெப்பநிலையில் வெளியே போகிறது என்பவற்றை மட்டுமே பொறுத்தது என்பது அவர் கண்ட முடிவு. வெப்பத்தை ஒரு நுண்பொருள் என்று அக்காலத்தார் கருதினர். அக்கருத்து பின்னர் வீழ்ந்தது. கார்னோவின் முடிவு மட்டும் வீழவில்லை.

அருவியின் கீழ் சுழலும் ஒரு நீர்ச்சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். அதில் சிறிய அகப்பைகளைப் பூட்டினால் ஒவ்வொன்றையும் நிரப்பக் கொஞ்ச நீர் போதும். ஆனால் அது ஒரு முறை இறங்கும்போது செய்யும் வேலையும் கொஞ்சமே. பெரிய அகப்பை ஒரு முறை இறங்கிச் செய்யும் வேலையைச் சிறிய அகப்பை ஆறு முறை இறங்கித்தான் செய்ய வேண்டும். இரண்டிலும் செலவாகும் நீர் ஒன்றே. வேலையை அளப்பது அருவியின் உயரம். ஈதர் சிறிய அகப்பை. நீர் பெரிய அகப்பை. வெப்பநிலை வேறுபாடு அருவியின் உயரம். கரி மிச்சமாகும் என்ற கனவு இத்துடன் கலைகிறது.

"அப்படியானால் எதை ஊற்றினாலும் ஒன்றுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கார்னோ சொன்னது, தேய்வும் கசிவும் இல்லாத கற்பனை எந்திரத்தின் வரம்பு. மனிதன் இரும்பால் செய்யும் எந்திரமோ அழுத்தத்தால் வெடிக்கும், துருப்பிடிக்கும், மூட்டுகளில் கசியும். எத்தனை தடித்த சுவர் வேண்டும், எத்தனை பெரிய சுழலி வேண்டும், கசிந்தால் என்ன நேரும் என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது செயல்படு பொருளே. ஒரு பொருளை விட்டு வேறொரு பொருளுக்கு மாறும்போது தொல்லை ஒழிவதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பெயர்ந்து போகிறது. எங்கே பெயர்ந்தது, யார் தலையில் விழுந்தது என்று பார்ப்பவனே நல்ல பொறியாளன். சில வரலாறுகளைக் காண்போம்.

முதலில் ஈதர். அது 35 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும். பிரெஞ்சுப் பொறியாளர் து திராம்பிளே என்பவர் இக்குணத்தை அறிவோடு பயன்படுத்தினார். நீராவி எந்திரத்தில் வேலை செய்துவிட்டு வெளியேறும் ஆவியிலும் வெப்பம் மிகுந்திருக்கிறது அல்லவா? அவ்வெப்பத்தைக் கொண்டு ஈதரைக் கொதிக்கச் செய்து, அதன் ஆவியால் இரண்டாவது உருளை ஒன்றை இயக்கினார். 1850-களில் இத்தகைய இரட்டை எந்திரம் பூண்ட கப்பல்கள் கடலில் ஓடின. கரிச்செலவும் குறைந்தது. ஆனால் ஈதரின் ஆவி எளிதில் தீப்பற்றுவது, காற்றைவிடக் கனமானது. மூட்டில் கசிந்த ஆவி தரையோடு தரையாகப் படர்ந்து, தொலைவில் எரியும் விளக்கையும் எட்டிப் பிடித்துவிடும். அக்கப்பல்களுள் ஒன்று 1856-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுப் பாயியா துறைமுகத்தில் தீக்கிரையாயிற்று. கரிக்கிடங்கில் மிச்சமான செலவு, எந்திர அறையில் நிற்பவனுக்கு உயிரச்சமாக மாறியது.

அடுத்துப் பாதரசம். நீரிடத்தில் ஒரு பெருங்குறை உண்டு. வெப்பநிலை உயர உயர, கொதிக்கும் நீரின் அழுத்தம் கடுமையாக ஏறும். 350 டிகிரியில் அது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 160 மடங்குக்கு மேற்பட்டது. 374 டிகிரிக்கு மேலோ நீர், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது. பாதரசமோ 357 டிகிரியில்தான் காற்று மண்டல அழுத்தத்தில் கொதிக்கத் தொடங்குகிறது. ஆகவே மெல்லிய அழுத்தத்திலேயே மிகுந்த வெப்பநிலையை எட்டலாம். அதாவது, அருவியின் உயரத்தைக் கூட்டலாம். அமெரிக்கப் பொறியாளர் எம்மெட் இந்த வழியில் முனைந்தார். பாதரச ஆவி முதலில் ஒரு சுழலியை இயக்கும். பின்னர்க் குளிரும்போது தான் விடும் வெப்பத்தால் நீரைக் கொதிக்கச் செய்யும். அந்நீராவி இரண்டாவது சுழலியை இயக்கும். 1920-களில் ஆர்ட்போர்டு நகரில் இம்முறையில் மின்சாரம் எடுத்தனர். 1950-இல் நியூ ஆம்ப்சயர் மாநிலத்துப் போர்ட்சுமவுத்தில் ஒரு நிலையம் எழுந்தது. அதன்பின் அம்முறை பரவவில்லை. பாதரசம் விலை மிகுந்தது, பெருங்கனமுடையது, இரும்புக் குழாயின் சுவரில் நீர்போல ஒட்டிப் படர மறுப்பது. இவை எல்லாவற்றினும் கொடியது அதன் நஞ்சு. அவ்வாவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உட்புகுந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதற்கிடையில் உருக்குத் தொழில் வளர்ந்து, நீராவியையே 540 டிகிரி அளவுக்குச் சூடேற்றவும், அதன் அழுத்தத்தைத் தாங்கவும் வழி பிறந்தது. நீர் தன் பழைய இடத்தைத் திரும்பப் பெற்றது.

மிகுந்த வெப்பத்துக்கு நீரே ஏற்றது என்று கண்டோம். குறைந்த வெப்பத்துக்கு எது ஏற்றது? இவ்வினாவைக் கடலிடம் கேட்போம். வெப்ப நாடுகளில் கடலின் மேல்மட்ட நீர் 26 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருக்கிறது. 1,000 மீட்டர் ஆழத்திலோ 6 டிகிரி அளவில் குளிர்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே 20 டிகிரி வேறுபாடு. கார்னோவின் வரம்பைக் கணக்கிட, வெப்பநிலைகளுடன் 273-ஐக் கூட்டி, வேறுபாட்டை மேல் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 20-ஐ 299-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 7 பங்குகூட இல்லை. 540 டிகிரியில் வெப்பம் பெற்று 40 டிகிரியில் விடும் எந்திரத்துக்கு இதே கணக்கு 61 பங்கு காட்டும். ஆயினும் கடலின் வெப்பத்துக்கு விலையில்லை. கதிரவன் நாள்தோறும் நிரப்புகிறான். ஆகவே முயல்வதில் பிழையில்லை என்று 1881-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் எழுதினார்.

அவர் மாணவர் ஜார்ஜ் கிளாட் 1930-இல் கியூபா நாட்டு மத்தான்சாஸ் விரிகுடாவில் ஒரு நிலையம் அமைத்தார். அவர் தேர்ந்த செயல்படு பொருள் கடல்நீரே. 26 டிகிரி நீர் கொதிக்குமா? கொதிக்கும். வாய் அடைத்த குடுவையில் சூடாக உள்ள நீர் கொதிப்பு அடங்கிய பின், குடுவையின் மேல் குளிர்நீரை ஊற்றினால் உள்ளே மீண்டும் கொதிப்பு எழுவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையவே கொதிநிலையும் தாழ்கிறது. அதே முறையில், காற்று மண்டல அழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் 26 டிகிரி நீரும் கொதிக்கும். கிளாட்டின் சுழலி சுழன்றது. 22 கிலோவாட் மின்சாரமும் தந்தது. ஆனால் அவ்வளவு மின்சாரமும் நீரை இறைக்கும் பம்புகளை ஓட்டக்கூடப் போதவில்லை. ஆழத்திலிருந்து நீர் கொணர்ந்த குழாயும் பின்னர்க் கடலின் சீற்றத்தில் அழிந்தது.

நீரின் தொல்லை இங்கே வேறு உருவில் வருகிறது. மேல்வெப்பத்தில் அதன் அழுத்தம் மிகையாய் இருந்தது. கீழ்வெப்பத்தில் அது மிகவும் குறைந்துபோகிறது. குறைந்த அழுத்தத்தில் ஆவி பஞ்சுபோல் பரந்துவிடும். 22 டிகிரியில் ஒரு கிலோகிராம் நீராவி ஏறத்தாழ 50 கன மீட்டர் இடத்தை அடைக்கிறது. ஒரு சிறிய வீட்டு அறையை நிரப்பப் போதும். அதே வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் அம்மோனியா ஆவி 140 லிட்டரில் அடங்கிவிடும். அதன் அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல் 9 மடங்கு. அதே அளவு வெப்பத்தைச் சுமக்க இரு கிலோகிராம் அம்மோனியா வேண்டும் என்று கணக்கிட்டாலும் 280 லிட்டர்தான் ஆகும். 50,000 லிட்டர் எங்கே, 280 லிட்டர் எங்கே! நீராவிக்கு மாளிகை போன்ற சுழலி வேண்டிய இடத்தில் அம்மோனியாவுக்குச் சிறிய சுழலி போதும். 1979-இல் அவாய்த் தீவுக்கு அப்பால் ஒரு மிதவையில் அம்மோனியா எந்திரம் ஓடியது. அது உண்டாக்கிய சுமார் 50 கிலோவாட்டில் பெரும்பகுதியைப் பம்புகள் உண்டபோதிலும், 15 கிலோவாட் அளவு எஞ்சியது. கிளாட்டுக்கு எட்டாத எச்சம் அது.

நம் நாட்டிலும் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அப்பால் 1 மெகாவாட் நிலையம் ஒன்றை அமைக்க முயன்றது. அதற்கும் அம்மோனியாவையே தேர்ந்தனர். ஆனால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குளிர்நீர்க் குழாயைக் கடலில் இறக்கி நிறுத்த இயலவில்லை, முயற்சி நின்றுபோயிற்று. செயல்படு பொருளை எவ்வளவு செம்மையாகத் தேர்ந்தாலும் குழாயின் தொல்லையை அது தீர்க்காது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அதே கழகம் 2005-இல் இலட்சத்தீவுகளைச் சேர்ந்த கவரத்தியில், கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்நீரின் குளிர்ச்சியால் மீண்டும் நீராக்கி, நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை நிறுவியது. மின்சாரத்துக்கு ஒவ்வாத நீராவி, தாகத்துக்கு ஒத்தது. என்ன வேண்டும் என்பதைத் தெளிந்த பிறகே எது நல்லது என்று சொல்ல முடியும்.

கடலைவிடச் சற்று வெப்பமானவை நிலத்தடி வெந்நீர் ஊற்றுகள். சோவியத் நாட்டைச் சேர்ந்த கம்சத்கா தீபகற்பத்தில் பராத்துங்கா என்னும் இடத்தில் 1967-ஆம் ஆண்டு, 81 டிகிரி வெந்நீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தனர். அங்கே பயன்பட்ட பொருள் பிரியான். அமெரிக்க வேதியியலார் மிட்ஜ்லியும் அவருடைய துணைவரும் 1928-ஆம் ஆண்டை ஒட்டிக் குளிர்பெட்டிகளுக்கென ஆக்கிய பொருள்வகை இது. எரியாது, நஞ்சன்று, இரும்பை அரிக்காது. ஈதரின் தீயும் பாதரசத்தின் நஞ்சும் அம்மோனியாவின் நெடியும் இல்லாத ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்று உலகமே மகிழ்ந்தது. தொல்லையே இல்லாத பொருள்! தொல்லை உண்மையில் எங்கே போயிற்று? 1974-ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்டு என்னும் இரு அறிஞர்கள் விடை கூறினர். கசிந்த பிரியான் அழியாமல் வானுயரத்துக்குச் சென்று, அங்கே சிதைந்து, புறஊதாக் கதிரைத் தடுத்து உயிர்களைக் காக்கும் ஓசோன் படலத்தைக் குலைக்கும் என்றனர். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் அப்படலம் மெலிந்திருப்பது வெளிப்பட்டது. 1987-இல் மான்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி, அப்பொருள்களைக் கைவிட உடன்படிக்கை செய்தன. எரியாமலும் சிதையாமலும் நிலைத்திருப்பது எதன் சிறப்பாகப் போற்றப்பட்டதோ, அதுவே அதன் கேடாக முடிந்தது.

பின்னர் வந்த மாற்றுப்பொருள்கள் ஓசோனைக் கெடுக்கவில்லை. அலாசுகாவின் சீனா வெந்நீர் ஊற்றில் 2006-ஆம் ஆண்டு 74 டிகிரி நீரைக் கொண்டே மின்சாரம் தந்த எந்திரத்தில் அத்தகைய பொருள் ஒன்றுதான் ஊற்றப்பட்டது. பெற்ற வெப்பத்தில் நூற்றுக்கு 8 பங்கை அது மின்சாரமாக்கியது. அருவி அவ்வளவு தாழ்ந்திருந்தும் அவ்வளவு பெற்றது பாராட்டுக்குரியதே. ஆனால் அப்பொருள் காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் 1,300 மடங்குக்குக் குறையாமல் புவியைச் சூடேற்றும். எனவே 2016-இல் கிகாலியில் கூடிய நாடுகள் அவ்வகைப் பொருள்களையும் படிப்படியாகக் குறைக்க இசைந்தன. தொல்லை மீண்டும் ஒரு முறை இடம்பெயர்ந்தது.

இன்று நிலத்தடி வெப்பத்தைக் கொண்டு இயங்கும் நிலையங்கள் பலவற்றில் பென்டேன் போன்ற எண்ணெய்ப் பொருள்களை ஊற்றுகின்றனர். பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கும். ஏறக்குறைய ஈதரைப் போலவே. அதற்கு ஒரு நற்குணமும் உண்டு. நீராவி விரிந்து குளிரும்போது அதனூடே நுண்துளிகள் தோன்றிச் சுழலியின் அலகுகளை மணல்போல் தேய்க்கும். பென்டேன் ஆவியோ விரியும்போது உலர்ந்தே இருக்கும். சுழலி நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அது நன்றாகத் தீப்பற்றும்! 1856-இல் கப்பலை எரித்த அதே தீயச்சத்தை விரும்பி அழைப்பது அறிவாகுமா என்று கேட்பீர்கள். ஆகும் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

தீயின் அச்சம் அருகில் இருப்பது, தெரிந்தது, காவல் செய்யக் கூடியது. எந்திரத்தை வெட்டவெளியில் அமைக்கலாம், கசிவை அறியும் கருவி பொருத்தலாம், சுடரை விலக்கலாம். அம்மோனியாவும் நஞ்சே, செம்பையும் பித்தளையையும் அரிப்பது. ஆனால் இம்மியளவு கசிந்தாலும் மூக்கைத் துளைத்து, "நான் வந்துவிட்டேன்" என்று கூவி அறிவித்துவிடும். எந்திரத்தின் பயனை நுகர்பவனே அதன் இடரையும் ஏற்று, அதனைக் காவல் செய்கிறான். பிரியானோ அப்படியன்று. எந்திர அறையில் நிற்பவனுக்கு அது ஒரு தீங்கும் செய்யவில்லை. அதன் தீங்கு அந்த எந்திரத்தைக் கண்டிராதவன் மேலும், இன்னும் பிறவாத குழந்தையின் மேலும் விழுந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடரைக் காவலோடு ஏற்பது துணிவு. கண்ணுக்குத் தெரியாத இடரை அயலான் வீட்டுக்கு அனுப்புவது துணிவாகாது.

மாணவச் செல்வர்களே! உங்கள் பாடநூலின் இறுதியில் கொதிநிலை, உள்ளுறை வெப்பம், ஆவியழுத்தம் ஆகியவற்றின் அட்டவணைகள் இருக்கும். அவற்றைத் தேர்வுக்கு மட்டும் உரியவை என்று கருதாதீர்கள். ஓர் ஊரின் ஆலைப் புகைபோக்கியில் 120 டிகிரி வெப்பம் வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மின்சாரம் எடுக்க எப்பொருளைத் தேர்வீர்கள்? முதலில் கார்னோவின் கணக்கைப் போட்டு, எவ்வளவுதான் கிடைக்கக்கூடும் என்று அளவிடுங்கள். பிறகு அவ்வெப்பநிலையில் ஒவ்வொரு பொருளின் அழுத்தமும் பருமனும் என்ன என்று ஒப்பிடுங்கள். அடுத்து, எந்த உலோகத்தை அது அரிக்கும், என்ன விலை என்று கேளுங்கள். கடைசியாக, எவரும் விழித்திராத நள்ளிரவில் ஒரு மூட்டு விட்டுப்போனால் அது எங்கே செல்லும், யாரைத் தொடும் என்று கேளுங்கள். முதல் மூன்று வினாக்களுக்கு அட்டவணை விடை தரும். நான்காவது வினாவை அட்டவணை கேட்பதில்லை; அதை நீங்கள்தாம் கேட்க வேண்டும்.